128ஐ 320 ஆக்கிய மாமா

சென்ற மாதம் யாழ்ப்பாணம் சுன்னாகத்திலுள்ள மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் ஒரு பென்டிரைவை எடுத்து வந்து, "தம்பி, பழைய தவில் கச்சேரியை 320க்கு மாத்திப்போட்டன், இப்ப கேட்டுப் பாரும், என்ன துல்லியமெண்டு" என்றார். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் எண்பதுகளில் கசெற்றில் பதிந்து, பின்னர் யாரோ கணினியில் ஏற்றி விநாடிக்கு 128 கிலோபிற் (இந்த அளவுக்குப் பெயர் பிற்றேற்) எம்பி3 ஆக்கிய நாற்பது நிமிடக் கச்சேரி அது. 38 மெகாபைற்றாக இருந்த கோப்பு 96 மெகாபைற்றாக வளர்ந்திருந்தது. கேட்டேன், உண்மையிலேயே முன்னையதைவிட நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

இசை இறுவட்டில் (சிடி) ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியலையை அளந்தெடுத்த புள்ளிகள்), ஒவ்வொன்றுக்கும் 16 பிற், இரண்டு தடங்கள் என 1,411 கிலோபிற் செலவாகிறது. அதை 128க்குள் அடக்க வேண்டுமென்றால் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தவிலின் வலந்தலையில் ஓர் அடி விழும் கணத்தில் அதன் அண்டையிலுள்ள மெல்லிய ஒலிகள் நம் காதுக்கு எட்டுவதில்லை என்பதைப் பயன்படுத்தி, எம்பி3 அவ்வொலிகளை மிகக் கரடுமுரடாகத் தோராயமாக்கி எழுதுகிறது, சிலவற்றை முற்றாகவே விட்டுவிடுகிறது. அப்படி விட்டது என்ன என்ற குறிப்பு கோப்பில் எங்கும் இருப்பதில்லை. ஆகவே 320க்கு மாற்றும் மென்பொருள், முதலில் அந்த 128 கோப்பை விரித்து, விரித்ததையே அசல் என்று நம்பி, மறுபடியும் சுருக்குகிறது. பிழிந்து முடித்த தேங்காய்ப்பூவைப் பெரிய சட்டிக்கு மாற்றினால் முதற்பால் வருமா?

வீட்டுக்கு வந்து இரண்டு கோப்புகளையும் ஓடாசிற்றி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் திறந்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஒலி என்று காட்டும் அலைமாலைப் படத்தைப் பார்த்தேன். பழைய கசெற்றில் 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் இசை பெரிதாக இருக்காது, ஆனால் நாடாவின் இரைச்சல் அங்கேயும் இருக்கும்; அந்த இரைச்சல் 16ஐ ஒட்டிய உயரத்தில் கத்தியால் அரிந்ததுபோல் நேர்கோடாக நின்றிருந்தது. 320 கோப்பிலும் அதே கோடு, அதே இடத்தில். அடுத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினேன்; இரண்டுக்கும் பொதுவானது அழிந்து, வேறுபாடு மட்டும் மிஞ்சும். எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் சிறு வெற்றிடம் சேர்ந்துவிடுவதால் இரண்டையும் மாதிரிக்கு மாதிரி ஒத்துவைக்கவே அரை மணி நேரம் பிடித்தது. ஒலியளவிலும் சிறு ஏற்றம் இருந்தபடியால் அதையும் சமப்படுத்த வேண்டியிருந்தது. மிஞ்சியது, தவில் அடி விழும்போதெல்லாம் காய்ந்த பனையோலையை யாரோ அசைப்பது போன்ற ஒரு சரசரப்பு. அது மீட்டெடுக்கப்பட்ட இசையன்று. இரண்டாம் முறை சுருக்கியபோது புதிதாகச் சேர்ந்த பிழை. அதாவது மாமாவின் கோப்பு, மிகச் சிறிதளவேயாயினும், பழையதைவிடக் கெட்டுப்போயிருந்தது.

அப்படியானால் ஏன் நன்றாகக் கேட்டது? விடை அந்த ஏற்றத்தில்தான் இருந்தது. மாற்றும் மென்பொருள் கேளாமலே ஒலியளவைச் சற்றுக் கூட்டியிருந்தது. கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதைத் தெளிவு என்று நம் காது எடுத்துக்கொள்ளும். அடுத்த ஞாயிறு போய், அளவைச் சமப்படுத்தி, மாமாவுக்குத் திரையைக் காட்டாமல் பத்து முறை மாற்றி மாற்றிப் போட்டேன். நான்கு முறை சரியாகச் சொன்னார், ஆறு முறை பிழையாகச் சொன்னார். "உம்மட ஹெட்போன் சரியில்லை" என்பது அவருடைய தீர்ப்பு.

பிற்றேற்றைக் கூட்டுவதற்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பதிவை வெட்டி ஒட்டித் திருத்தித் திரும்பவும் சேமிக்க வேண்டியிருந்தால், 128இல் சேமிப்பதைவிட 320இல் சேமிப்பது இரண்டாவது இழப்பைக் குறைக்கும். எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் சேமித்தால் இரண்டாவது இழப்பே இராது, முதல் இழப்பு மட்டும் அப்படியே கிடக்கும். தொடக்கத்தையும் முடிவையும் நறுக்குவதற்கு மட்டும் என்றால் அதுவும் தேவையில்லை: எம்பி3 ஏறக்குறைய 26 மில்லிவிநாடித் துண்டுகளால் ஆனது, அந்தத் துண்டெல்லையிலேயே மறுசுருக்கமின்றி வெட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன.

128இல் இக்கச்சேரிக்கு நேர்ந்த பெரிய சேதம் 16க்கு மேலே அரிந்த இரைச்சலும் அன்று. தனியாவர்த்தனத்தில் தவிற்சொற்கள் (அடிகள்) நெருங்கி விழும் இடத்தில், ஒவ்வோர் அடிக்கும் சில மில்லிவிநாடிகள் முன்னரே ஒரு மங்கலான மூச்சு கேட்கிறது. துண்டு துண்டாகச் சுருக்கும்போது பிழை அந்தத் துண்டு முழுவதும் பரவி, அடிக்கு முன்னுள்ள அமைதிக்குள்ளும் கசிவதே காரணம். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையில் இது தெரியாது. தவிலில் அடியின் கூர்மையையே மழுக்கிவிடுகிறது. இதைப் போக்க மூலத்துக்குத்தான் போக வேண்டும்.

மூலக் கசெற் மாமியின் அலுமாரியில் கிடைத்துவிட்டது. நாடா நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் நாடாவை, அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு கழன்று விழுந்துவிட்டது. ஐந்து திருகாணிகளையும் கழற்றி வேறொரு கசெற்றின் பஞ்சை இதற்கு மாற்றி, ஹெட்டை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, நேரடியாகச் சுருக்கப்படாத வேவ் கோப்பாக ஏற்றுவதாகத் திட்டம். பஞ்சுக்காகத் தன் கசெற்றுகளில் ஒன்றைத் தர மாமி சம்மதித்துவிட்டார். எதைத் தருவது என்பதில்தான் மாமாவும் அவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.