டானாங்: கொரியாக்காரர்களோடு இப்போது நாமும்

வியட்நாமின் டானாங் நகரத்துக்குப் போய்வந்த செலவுக் கணக்கை வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதற்கு முன் அந்த டாக்ஸிக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. டானாங் விமான நிலைய வாசலில் வழிமறித்து, கடற்கரை ஓட்டலுக்கு 5 லட்சம் டாங் என்றார். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். பத்து நிமிடப் பயணத்துக்கு 1,600 ரூபாய்க்கு மேல்! டாக்ஸி பிடிக்கும் கிராப் செயலியில் பார்த்தால் 80 ஆயிரம் டாங், அதாவது 270 ரூபாய். போனைக் காட்டியதும் கூச்சமே இல்லாமல் 2 லட்சத்துக்கு இறங்கினார். போய்யா என்று கிராப்பிலேயே ஏறிவிட்டோம்.

ஊர் முழுக்கக் கொரியாக்காரர்கள். ஹான் மார்க்கெட்டில் விலைச்சீட்டு வரை கொரிய எழுத்து. முந்திரி விற்கும் அம்மா கொரிய மொழியிலேயே பேரம் பேசுகிறார். பக்கத்துப் பழைய ஊரான ஹோய் ஆன் அருகே வட்டக் கூடைப் படகு சவாரி போனால் ஸ்பீக்கரில் கொரியப் பாட்டு அலறுகிறது. எங்களைப் பார்த்ததும் இந்திப் பாட்டுக்கு மாற்றினார்கள், அதற்கு டிப்ஸ் வேறு!

மாற்றத்தானே செய்வார்கள். 2019-ல் வியட்நாம் போன இந்தியர்கள் சுமார் 1.7 லட்சம் பேர். 2024-ல் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நேரடி விமானங்கள் கூடியிருக்கின்றன. 2023 ஆகஸ்டிலிருந்து இ-விசாவில் 90 நாள் வரை தங்கலாம்.

இந்தக் கூட்டம் மொத்தமும் போய் நிற்பது பா நா ஹில்ஸ் என்ற மலைமேல் பொழுதுபோக்குப் பூங்காவில். கேபிள் காரோடு டிக்கெட் 3,000 ரூபாய்க்குக் குறையாது. 2018-ல் திறந்த தங்கப் பாலத்தைத் தாங்கும் ராட்சதக் கைகள் பாசி படிந்த கல் போலத் தெரியும், தொட்டால் ஃபைபர்கிளாஸ். செல்ஃபிக்கு முண்டியடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் தண்டச் செலவு.

மீ சன் போங்கள். அந்தக் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட சம்பா மன்னர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து சிவனுக்குக் கோயில் கட்டிய பள்ளத்தாக்கு. செங்கற்களுக்கு நடுவே சாந்துப் பூச்சே தெரியாது. அவ்வளவு நெருக்கமான அடுக்கு. 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரமே போய்விட்டது, பக்கத்தில் இன்றும் குண்டுப் பள்ளங்கள். நமது தொல்லியல் துறைதான் சில கோயில்களைச் சீரமைத்தது. 2020-ல் ஒரே கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் கிடைத்ததும் அந்த வேலையின்போதுதான். நாங்கள் போன காலையில் எங்களைத் தவிர இந்திய முகமே இல்லை. பாலத்தில் முண்டியடித்த கூட்டத்தில் பாதியாவது இங்கே வந்திருக்க வேண்டாமா?

சாப்பாடு பற்றிப் பயப்படாதீர்கள். ‘சாய்’ என்று பலகை இருந்தால் சைவம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி உள்ளூர்க்காரர்களே அங்கே குவிகிறார்கள். டோஃபு, ஊறுகாய்க் கேரட், கொத்தமல்லித் தழை திணித்த பான் மீ என்கிற வியட்நாம் சாண்ட்விச் 70 ரூபாய். ரொட்டி மொறுமொறுவென்று உடைந்து சட்டையெல்லாம் தூள். உடனே இன்னொன்று வாங்கினோம்.

அப்புறம், விசாவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணம் 25 டாலர்தான். எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் 6,000 ரூபாய் கேட்டார்!