நெல்லைக் குளங்கள்: பறவைப் பருவக் குறிப்புகள்

டிசம்பர் 14

மழை இன்னும் விடவில்லை. பெரும்பாலான குளங்களில் நிரம்பிய தண்ணீர் வழிந்து மறுகால் போகிறது. கண்ணுக்கு அழகு, பறவை பார்க்க மோசமான நேரம். நிறைகுளத்தில், சேற்றில் நடந்து இரை தேடும் உள்ளான்களுக்குக் கால் ஊன்ற இடமில்லை. கரண்டிவாயன் துழாவுவதற்கும் முழங்கால் ஆழத்துக்கு மேல் ஆகாது. நாமக்கோழியும் முக்குளிப்பானும் நடுக்குளத்தில் மிதக்கும், அவ்வளவுதான். பிசான நெல் சாகுபடிக்கு மடை திறந்து, தண்ணீர் இறங்கி, உள்வாயில் (குளத்தின் உட்பரப்பில்) சேறு தெரியட்டும். வெளியூர்க்காரர்கள் பொங்கல் கழித்து வருவதே நல்லது.

ஜனவரி 19

கூந்தன்குளம். திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். 1994-இல் பறவைகள் சரணாலயமானது, ராம்சார் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பு 2022-இல் வந்தது. வரித்தலை வாத்துதான் குறி என்றால் விடியுமுன் கரையில் இருக்க வேண்டும். இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டு வெளுக்கும் நேரத்தில் கூட்டமாகக் குளத்துக்குத் திரும்பும். பிறகு பகல் முழுக்கத் தூக்கம்தான். எட்டு மணிக்கு வந்தால் தலையைச் சிறகுக்குள் செருகிய சாம்பல் உருண்டைகளே மிச்சம்.

ஜனவரி 26

தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் ஜனவரி மாதங்களில் நடக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் முதுகில் விழும், நிறம் தெரியும். 8x42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முகப்பு வில்லை) இருகண்நோக்கி ஆளுக்கு ஒன்று, முக்காலியோடு தொலைநோக்கி குழுவுக்கு ஒன்று போதும். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத வேண்டும். எண்ணுகிறவரே குனிந்து எழுதினால் விட்ட இடம் தெரியாது. பெருங்கூட்டத்தில் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அது கண்ணில் எவ்வளவு அகலம் என்று பிடித்துக்கொண்டு, அந்த அகலத்தாலேயே கூட்டத்தை அளந்து போக வேண்டும். ஊசிவால், நீலச்சிறகி, ஆண்டி வாத்து என்று வாத்தினங்கள் கலந்து கிடந்தால் மொத்தத்தை முதலில் எடுங்கள்; பிறகு மூன்று நான்கு இடங்களில் இனவாரியாகப் பார்த்து விகிதம் போடலாம். பெட்டை வாத்துகளை ஊகித்து எழுத வேண்டாம், 'அடையாளம் தெரியாத வாத்து' என்பதும் நேர்மையான பதிவுதான்.

வேட்டைப் பறவையான சேற்றுப் பூனைப்பருந்து ஒரு சுற்று வந்தால் போதும், குளமே எழும்பிவிடும். அப்போது எண்ணுவதை நிறுத்தி, அடங்கியதும் தொடக்கத்திலிருந்து எண்ணுங்கள். அடுத்த குளத்தை வேறொரு குழு அதே நேரத்தில் எண்ணாவிட்டால் ஒரே கூட்டம் இரண்டு கணக்கிலும் ஏறும். ஒன்பது மணிக்கு மேல் கானல் ஆடும். தொலைநோக்கியின் உருப்பெருக்கத்தை 20-க்குக் குறைத்தாலும் தூரத்துப் பறவையை நம்ப முடியாது.

மார்ச் 3

கூந்தன்குளத்தில் சங்குவளை நாரைகள் குளத்துக் கருவேலங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு மரங்களிலும் அடைகாக்கின்றன. படம் எடுக்க மரத்தடிக்குப் போகாதீர்கள். தாய்ப்பறவை எழுந்த மறுநிமிடம் காக்கை முட்டையில் இருக்கும். சிறு குஞ்சானால் வெயிலே கொன்றுவிடும். இங்கே தீபாவளிக்கே வெடி போடாத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், டிரோனை வெளியே எடுக்கிறவருக்கு மரியாதை கிடைக்காது.

மார்ச் 21

மேற்குத் தொடர்ச்சி மலையில் மாஞ்சோலை, குதிரைவெட்டி. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் மணிமுத்தாறு சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. நிலவரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். கேரள எல்லையை ஒட்டிய மலை முகட்டில் அஷம்பு சிரிப்பானைத் தேடலாம். அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே மட்டும் வாழும் பறவை அது. புதருக்குள்ளிருந்து முதலில் குரல்தான் வரும். அசையாமல் நின்றால் தானே வெளியே வரும். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது கூடு கட்டும் பருவத்தில் அதன் வேலையைக் கெடுப்பது. மழை பெய்திருந்தால் அட்டைக்கடிக்கு நீளக் காலுறை வேண்டும்.

மே 9

கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் வருகிறது. சங்குவளை நாரைக்கு அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம். ஆக, மார்ச்சில் இட்ட முட்டைக்கு ஜூன் வரை மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். இடையில் வற்றினால் நாய்கள் மரத்தடி வரை நடந்து வந்து, விழும் குஞ்சுகளைத் தூக்கிவிடும். மீனும் குறைந்து இரைக்கு வெகுதூரம் பறக்க வேண்டிவரும்.

ஆகையால் பயணத் தேதி குறிக்குமுன் செய்தித்தாளில் அணை நிலவரத்தைப் பாருங்கள். மணிமுத்தாறின் முழு உயரம் 118 அடி. ஜனவரியிலேயே மட்டம் மிகத் தாழ்ந்திருந்தால், அந்த ஆண்டு கூடுகளை நம்பி ஏப்ரலுக்கு அறை பதிவு செய்ய வேண்டாம்; வாத்துகளையும் உள்ளான்களையும் பார்க்கப் பிப்ரவரியிலேயே வந்து போவது மேல்.