சாக்குக் கட்டிப் பல்லுக்குக் கிளாஸ் ஏற்றிய கதை

2004ல் பினாங்கு ஜார்ஜ் டவுனில், டத்தோ கெராமட் சாலைப் பக்கம் செயற்கைப் பல் செய்யும் ஒரு சின்னப் பல் லேபில் சேர்ந்தேன். "கெராமட்டில் செராமிக்கா?" என்று வீட்டில் ஒரே கேலி. அதுவரை நான் செய்ததெல்லாம் உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய பற்கள். முன்பல்லுக்கு அது சரிவராது; ஈறு கொஞ்சம் இறங்கினாலே ஓரத்தில் கருங்கோடு தெரியும். அதனால் இந்த லேபுக்கு உலோகமே இல்லாத இன்-செராம் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பற்களைக் கேட்டு டாக்டர்கள் அச்சு அனுப்புவார்கள். மிக்காயேல் சாதூன் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கிய முறை அது. 1989ல் விட்டா கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது.

முதல் வேலை குழம்பு கலப்பது. 38 கிராம் அலுமினாப் பொடி, வெறும் 5 மில்லி திரவம், கூடவே ஒரு சொட்டு மருந்து. இவ்வளவு பொடி இதற்குள் எப்படிப் போகும் என்று மலைப்பாக இருக்கும். அல்ட்ராசோனிக் அதிர்வுத் தொட்டியில் ஐஸ் போட்டு, திரவம் இருக்கும் டம்ளரை அதில் நிறுத்திப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் கட்டி இளகி ஓடத் தொடங்கும். அதைத் தூரிகையால் பிளாஸ்டர் அச்சின்மேல் பூச வேண்டும். பிளாஸ்டர் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். பூசும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தது, ஒரு படலம் காய்ந்து அடுத்தது அதோடு ஒட்டாது. எனக்கு மூன்று தடவை அப்படி உரிந்து வந்தது.

பூசி, ஓரம் செதுக்கி, சாயங்காலம் அடுப்பில் வைத்துவிட்டு ஃபெர்ரி பிடித்து பட்டர்வொர்த் போய்விடுவேன். முதல் ஆறு மணி நேரம் 120 டிகிரி வரை மெல்ல ஏறும், அப்புறம் 1120 டிகிரிக்குப் போய் அங்கே இரண்டு மணி நேரம் நிற்கும். காலையில் பார்த்தால் பிளாஸ்டர் சுருங்கி, மேலே பூசிய அலுமினா ஒரு வெள்ளைத் தொப்பியாகத் தானாகக் கழன்று வரும்; கடைசியில் இதன்மேல்தான் பீங்கான் ஏறும். முதல் தொப்பியை நான் சாதாரணமாகக் கையில் எடுத்தேன், விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. சாக்குக் கட்டிதான் அது.

இன்னும் நன்றாகச் சுட்டு இறுக்கினால் என்ன என்று கேட்டேன். இறுகினால் சுருங்கும், சுருங்கினால் பல்லில் பொருந்தாது. அதனால் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு ஒட்டும் அளவுக்கு மட்டும் சுடுகிறார்கள். அளவு மாறாது, ஆனால் உள்ளே முழுக்கத் துளை. அந்தத் துளைகளில்தான் கிளாஸ் ஏற்ற வேண்டும். கிளாஸ் என்றால் லாந்தனம் என்ற தனிமம் கலந்த கண்ணாடி, 1100 டிகிரியில் உருகித் தண்ணியாகிவிடும். யாரும் அழுத்தித் தள்ளுவதில்லை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் துளைகளே இழுத்துக்கொள்கின்றன.

இங்கேதான் நான் சொதப்பினேன். கண்ணாடிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, பிளாட்டினத் தாளின்மேல் வைத்த தொப்பிக்குச் சுற்றிலும் தாராளமாக அப்பினேன். நிறைய இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பு. நான்கு மணி நேரம் கழித்து எடுத்து, மிச்சக் கண்ணாடியைத் தேய்த்து, சேண்ட்பிளாஸ்ட் (பொடியை வேகமாகப் பீய்ச்சுவது) அடித்துப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் பல் நிறம், நடுவில் மட்டும் மாவு மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு.

லேப் அண்ணன் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கோப்பிக் கடைக்குக் கூட்டிப் போனார். பால் இல்லாத கோப்பி ஓ வந்ததும் ஒரு கிரீம் கிராக்கரின் ஓரத்தை மட்டும் அதில் தொட்டுப் பிடித்தார். கருப்பு மெல்ல மேலே ஏறி, பிஸ்கட் முழுக்க நனைந்தது. "எல்லாப் பக்கமும் அடைச்சிட்டா உள்ள இருக்கிற காத்து எந்த வழியா போகும் தம்பி?" என்றார். பிஸ்கட் உடைந்து கோப்பியில் விழுந்தது; அதைக் கரண்டியால் எடுத்துத் தின்றார்.

கெட்டுப்போனதை மறுபடி அடுப்பில் வைக்க அவர் விடவில்லை. வெள்ளைத் திட்டு என்றால் அங்கே துளை காலியாக இருக்கிறது, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். துளை நிரம்பிவிட்டால் விரிசலுக்கு அலுமினாத் துகள்களைச் சுற்றிச் சுற்றித்தான் போக வழி. சாதாரணப் பல் பீங்கானின் வளைவு வலிமை (வளைத்தால் உடையாமல் தாங்கும் அளவு) 100 மெகாபாஸ்கலைத் தொடுவதே கஷ்டம். ஒழுங்காகக் கிளாஸ் ஏறிய அலுமினா 400க்கு மேல் போகும். இப்போது சிர்கோனியா என்ற பீங்கானைக் கணினியே கடைந்து தருகிறது, இந்தப் பாடெல்லாம் கிடையாது. எனக்கென்னவோ அதில் அவ்வளவு சுவாரசியம் இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டு இரண்டு நாள் தள்ளிப்போகும் என்று சொல்லும் வேலையையும் என் தலையிலேயே கட்டினார்கள். திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி குழம்பிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை வெளிப்பக்கம் மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, ஒரு பக்கத்தை அப்படியே வெறுமையாக விட்டேன். மறுநாள் தேய்த்து முடித்து நீட்டினேன். அண்ணன் அதை மேசை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடித் தட்டில் லேசாகத் தட்டினார், 'டிங்' என்றது.

"சரி, பீங்கான் போடு" என்றார்.