சிண்ட்ரெல்லாவோட அப்பா எங்க போனாரு?

எட்டாங்கிளாஸுக்கு இங்கிலீஷ் எடுக்குறேன். போன வாரம் போர்ஷன்ல இல்லாத ஒரு வேலை பண்ணேன், பசங்களுக்கு நல்லா தெரிஞ்ச கதையையே எடுத்து யாரு கெட்டவங்க, யாரு வேலை செய்றாங்க, யாரு சும்மா உக்காந்திருக்காங்கன்னு போர்டுல மூணு கட்டம் போட்டு நிரப்பச் சொன்னேன். கெட்டவங்க கட்டம் சட்டுனு நிரம்பிடுச்சு, சித்தி, சித்தியோட ரெண்டு பொண்ணுங்க. மூணுமே பொம்பளைங்க. கடைசி பெஞ்ச்ல ஒரு பொண்ணு, "மிஸ், அவ அப்பா எங்க?"ன்னா.

செத்துட்டாருன்னு நாலஞ்சு பேரு கத்துனாங்க. அது 1950ல வந்த டிஸ்னி படம். கிரிம் சகோதரர்கள் கதையில அந்த மனுஷன் உயிரோடதான் இருக்காரு, சந்தைக்குப் போயி மத்த ரெண்டு பொண்ணுங்களுக்கு துணியும் முத்தும் வாங்கிட்டு வராரு, இளவரசன் செருப்போட வந்து வேற பொண்ணு இருக்கான்னு கேட்டா, செத்துப்போன பொண்டாட்டியோட பொண்ணு ஒண்ணு அடுப்படில கெடக்கு, அதுவா இருக்காதுங்குற மாதிரி பேசுறாரு. பெத்த பொண்ணு! படிச்சுக் காட்டுனதும் கிளாஸ் கப்சிப்.

ஸ்னோ ஒயிட் இன்னும் மோசம். கிரிம் சகோதரர்கள் புத்தகத்தோட 1812 முதல் பதிப்புல அவள கொல்லச் சொன்னது பெத்த அம்மாவேதான், 1819ல சித்தியா மாத்திட்டாங்க. ஹான்சல் கிரெட்டல்லயும் 1840ல அதே வேலை. அம்மான்னா கெட்டவளா இருக்கக்கூடாதாம், பழிய தூக்கி சித்தி தலைல போட்டாச்சு. புள்ளைங்கள காட்டுல விட கூடவே போன அப்பாவ மட்டும் கடைசில ஓடிப்போய் கட்டிப்பிடிச்சுக்குதுங்க.

நம்ம நல்லதங்காளும் அப்படித்தான மிஸ்னு ஒரு பையன் கேட்டான், அவங்க ஆத்தா சொல்லுவாங்களாம். பழி பூரா அண்ணி மூளி அலங்காரிக்கு, அண்ணங்காரன் வேட்டைக்குப் போயிட்டான். சத்தியமா எனக்கு இது தோணவே இல்ல.

ஆனா நானும் ஒண்ணு சொதப்பிட்டேன். யோசிக்காம போர்டுல பெருசா 'சித்தி'ன்னு எழுதி வட்டம் வேற போட்டிருந்தேன். இன்டர்வெல்ல ஒருத்தன் வந்து, "எங்க சித்திதான் மிஸ் டெய்லி எனக்கு டிபன் கட்டித் தராங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டான். உடனே போய் அழிச்சேன்.

ஹோம்வொர்க், சிண்ட்ரெல்லாவுக்கு அவ அப்பா எழுதுற லெட்டர். முக்காவாசிப் பேரு மன்னிப்பு கேட்டு எழுதிருக்காங்க. ஒரு நோட்டுல மட்டும் ரெண்டே வரி: "எனக்கு டூட்டி இருந்துச்சு. வீட்டு விஷயமெல்லாம் அவங்க பாத்துப்பாங்கன்னு நெனச்சேன்."