மல்லாவி மாமாவும் ஜோர்ஜிய மலையும்

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பினேன். மழை விட்டு இரண்டு நாள்தான், வயல்களில் தண்ணீர் நின்றது. மச்சானிடம் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் மல்லாவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சுவிஸிலிருந்து ஜோர்ஜியா வரை தனியாக மோட்டார் சைக்கிள் ஓடிப்போன கதையை மாமாவுக்கு நேரில் சொல்ல வேண்டும். எனக்கு ஓடப் பழக்கியவர் அவர்தான்.

1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த சனத்தால் மல்லாவி நிறைந்திருந்த காலம். பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பெற்றோல் கிடைப்பது அரிது. மாமாவின் ஹொண்டா எம்.டி.90 மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. எண்ணெயையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைப்பார். எஞ்சின் பற்றிக்கொண்டதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். ஆனால் அது முழுதாக எரியாது, பொறி தட்டும் பிளக்கில் கரி படியும், நடுக்காட்டில் நின்றுவிடும். அதனால் பிளக் சாவியும் ஒரு துண்டு அரத்தாளும் இல்லாமல் மாமா வெளிக்கிட்டதே இல்லை. பிளக்கைக் கழற்றி உரஞ்சிப் பூட்ட எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும்.

2019 ஜூனில் சுவிஸிலிருந்து புறப்பட்டேன். 600 சிசி, கார்புரேற்றர் வைத்த பழைய மோட்டார் சைக்கிள். இத்தாலி, ஸ்லோவேனியா, குரோஷியா, சேர்பியா, பல்கேரியா எல்லாம் நல்ல வீதிகள், வேகமாகக் கடந்துவிட்டேன். எனக்குப் பயணம் துருக்கி எல்லையில்தான் தொடங்கியது. வண்டிக் காப்புறுதி எந்தெந்த நாடுகளில் செல்லும் என்று காட்டும் பச்சை அட்டையில் துருக்கியின் பெயர் வெட்டப்படாமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வண்டியை என் பெயரில் பதிந்தார்கள். அப்படிப் பதிந்தபின் அதை அங்கே விட்டுவிட்டு நாம் மட்டும் நாட்டை விட்டு இலேசில் வெளியேற முடியாது. தனியாகப் போக நினைப்பவர்கள் இதை முதலே யோசித்து வையுங்கள். ஜோர்ஜியாவுக்குப் பச்சை அட்டை செல்லாது, சார்ப்பி எல்லையில் புதிதாகக் காப்புறுதி வாங்கினேன்.

கிழக்குத் துருக்கியில் தூசி கண்ணை மறைத்தது. எண்ணெய் நிரப்பப் போன இடங்களில் சின்னக் கண்ணாடிக் குவளையில் தேத்தண்ணி தந்து இருத்திவைத்தார்கள். பாஷை தெரியாது. ஆனாலும் வெயிலில் வந்தவனை இருத்தித் தண்ணி கொடுப்பது எங்கள் ஊரிலும் வழக்கம்தானே, கூச்சமில்லாமல் குடித்தேன்.

வண்டி நின்றது ஜோர்ஜியாவில், ஜ்வாரி கணவாய்க்கு ஏறும்போது. கிட்டத்தட்ட 2,400 மீற்றர் உயரம். முதலில் இருமியது, பிறகு கறுப்புப் புகை விட்டது, அப்புறம் அசையவே இல்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் ரஷ்ய எல்லைக்குப் போகும் லொறிகளின் வரிசை. குளிரில் கை விறைத்தது. உண்மையாகப் பயந்துபோனேன்.

அந்தக் கறுப்புப் புகைதான் மாமாவை நினைவுபடுத்தியது. பிளக்கைக் கழற்றினேன், அடுப்புக் கரியாக இருந்தது. உயரத்தில் காற்று ஐதாகிவிடும், கார்புரேற்றரோ பழைய அளவிலேயே பெற்றோலை விடும். அதோடு துருக்கித் தூசி காற்று வடிகட்டியையும் அடைத்திருந்தது. எரிய வேண்டிய அளவுக்குக் காற்று இல்லை, மிச்சம் கரியாகிறது. மல்லாவியில் மண்ணெண்ணெய் செய்த வேலையை இங்கே மலை செய்தது. அரத்தாளை எடுத்து பிளக்கை உரஞ்சினேன், வடிகட்டியைத் தட்டித் தூசி போக்கினேன். மூன்றாம் தரம் ஸ்டார்ட் பண்ணியபோது பற்றிக்கொண்டது. அந்த மலையில், தெரிந்தவர் யாருமில்லாமல், நான் அழுதேன்.

மாமா இப்போது மெலிந்துவிட்டார். எம்.டி.90 கொட்டிலுக்குள் சாக்குப் போர்த்தபடி நிற்கிறது. நான் கதையை முடிக்கு முன்பே கேட்டார்:

“பிளக் இடைவெளி பாத்தனியோ தம்பி? உரஞ்சினா இடைவெளி கூடிப்போகும் எல்லோ.”

“பாத்தனான் மாமா. நீங்கள் சொல்லித்தந்த மாதிரித்தான் தட்டிச் சரிப்படுத்தினனான்.”

தலையாட்டினார். வரைபடத்தை மேசையில் விரித்தேன். சூரிச்சிலிருந்து நான் வந்த கோட்டை விரலால் மெல்லப் பிடித்துக்கொண்டு போய் ஜோர்ஜியாவில் நிறுத்தினார்.

“இதுக்கு அங்கால?”

“ஆர்மீனியா. பிறகு ஈரான். ஈரானுக்கு வண்டிக்கெண்டு தனிச் சுங்கப் பத்திரம் எடுக்கவேணும் மாமா, அதுக்குப் பெரிய காசு கட்டிவைக்க வேணும்.”

விரல் இன்னும் நகர்ந்து பாகிஸ்தானைத் தாண்டி, இந்தியாவில் இறங்கி, கடலோரம் வந்து நின்றது.

“எடு,” என்றார். “இஞ்சை வரைக்கும் ஓடி வா.”