லேப் திரவத்தில் நியூட்ரான் வால் பிரிந்தது

கதிர்வீச்சு பட்டால் மினுக்கும் லேப் (எல்ஏபி, லீனியர் அல்கைல் பென்சீன்) கலவையில், ஒருவழியாக நியூட்ரானும் காமாவும் துடிப்பின் வடிவத்தால் தனித்தனியாகத் தெரிகின்றன. இத்தனை நாள், மினுக்கலை மின்துடிப்பாக்கும் பிஎம்டியையும் துடிப்பை எண்களாக்கும் டிஜிட்டைசரையும் சந்தேகப்பட்டது வீண். கோளாறு திரவத்தில் கரைந்திருந்த ஆக்சிஜன்.

கலவை வழக்கமானதே: மொத்தம் 100 மிலி லேப், 600 மிகி பிபிஓ (ஒளி உமிழும் பொருள்), 1.5 மிகி பிஸ்-எம்எஸ்பி (அந்த ஒளியின் நிறத்தை பிஎம்டிக்கு ஏற்றபடி மாற்றுவது). அந்த 1.5 மில்லிகிராமை நேராக நிறுக்காதீர்கள். 15 மிகி எடுத்து 100 மிலி லேபில் 60 டிகிரியில் கரைத்து, அதில் 10 மிலி சேர்த்தால் போதும். லேப் என்பது மணலியில் சலவைத்தூளுக்காகத் தயாராகும் அதே சரக்குதான். சைலீன்போலச் சட்டென்று தீப்பற்றாது. குளிருக்குப் பயந்து சன்னல் சாத்தும் ஊட்டியில் அது பெரிய நிம்மதி.

நியூட்ரான் தள்ளிவிடும் புரோட்டான், தன் பாதையில் டிரிப்ளெட் நிலைகளை (நீண்ட நேரம் கிளர்ந்தே இருக்கும் மூலக்கூறுகளை) நெருக்கமாக உண்டாக்கும். அவை இரண்டிரண்டாக மோதித் தாமதமாகத் தரும் ஒளிதான் துடிப்பின் வால். காமாவுக்கு அந்த வால் சிறியது. ஆக்சிஜன் முதலில் விழுங்குவது அந்த டிரிப்ளெட்டுகளையே. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஆக்சிஜனும் அந்த அளவு குறைவாகவே கரையும். ஆனாலும் மீதி போதும், வாலைக் கெடுக்க.

ஆக்சிஜனை விரட்ட வேறொரு வாயுவைத் திரவத்தில் குமிழியாக விட வேண்டும். டயர் கடை நைட்ரஜனில் 5% ஆக்சிஜன் இருந்தாலே காற்றில் கரைவதில் கால் பங்கு திரவத்தில் தங்கிவிடும். வெல்டிங் கடை ஆர்கான் நன்றாக வேலை செய்கிறது. சிலிக்கோன் குழாய் வேண்டவே வேண்டாம், அதன் சுவர் வழியாகவே ஆக்சிஜன் நுழையும். டிரிப் செட் குழாயிலிருந்து பிளாஸ்டிசைசர் கசியும். டெஃப்லான் குழாய்தான் சரி. குமிழி கடுகளவு இருக்கட்டும். கொப்பளித்தால் நேரம் வீண். முடிந்ததும் வாயு ஓடும்போதே குழாயை உருவி, மேலே 5 மிலி ஆர்கான் இடம் விட்டு மூடுங்கள். விளிம்புவரை நிரப்பினால் மதிய வெயிலில் திரவம் விரிந்து மூடியைத் தள்ளும்.

ஆக்சிஜன் போனது போதுமா என்று பார்க்க, தேயிலைத் தோட்டத்துப் பொட்டாஷ் உரம் ஒரு கிலோ போதும். அதிலுள்ள பொட்டாசியம்-40 தரும் 1.24 எம்இவி காம்ப்டன் விளிம்பு (அதன் காமா ஒரு மோதலில் எலக்ட்ரானுக்குத் தரும் உச்ச ஆற்றல்), ஆக்சிஜன் போகப் போக மேல் சேனலுக்கு நகரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். நகர்வு நின்றால் வாயுவை நிறுத்தலாம்.

வாசல் அளவுகள் (துடிப்பைக் கூட்டும் நேரம்): மொத்தம் 300 நானோநொடி, வால் தொடங்குவது உச்சிக்கு 30 நானோநொடி பின்னால். நியூட்ரான் மூலத்துக்கு உரிமம் வேண்டும் என்பதால் காஸ்மிக் நியூட்ரானே நமக்கு. 2,200 மீட்டரில் அது சமவெளியைவிடப் பல மடங்கு. வானிலிருந்து வரும் மியூவான் துகள்களின் பெரிய துடிப்புகளை மேல்வரம்பு வைத்து வெட்டிவிடுங்கள்.

இதன் திறன் அளவீடு இன்னும் பாக்கி. அதற்குள், திரவத்துக்குப் பதில் பிளாஸ்டிக் என்ற ஆசை வந்துவிட்டது. கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வு ஆட்கள் இதே ஊட்டியில் பாலிஸ்டைரீன் பலகைகளைத் தாங்களே வார்த்தவர்கள். வால் பிரிய வேண்டுமானால் பிபிஓ 30% வரை ஏற்ற வேண்டும், அப்போது பலகை மெழுகுபோல் இளகும் என்பதே தொல்லை. இப்போதைக்கு, பலகைக்கான ஸ்டைரீன் தானாக இறுகாமல் தடுக்கும் டிபிசியை நீக்க, அது அலுமினாப் பொடி வழியாக வடிந்துகொண்டிருக்கிறது.