14 வேலை நாளும் என்ட பிரிஜும்

2025 தைப்பொங்கலுக்கு நாலு நாள் முந்தி, ஜனவரி 10 ஆம் திகதி, மட்டக்களப்பு டவுனில் ஒரு ஷோரூமில் 148,000 ரூபாய்க்கு பிரிஜ் வாங்கினேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அது இங்கே தேவையும் இல்லை. ஆரையம்பதியில் வீட்டு வாசலிலேயே எனக்கொரு சின்னக் கடை, ஜூஸ் பக்கட், யோகட், தயிர் என்று ஓடுகிறது. சீட்டுக் காசு முழுக்க அந்த பிரிஜுக்குத்தான் போனது.

பெப்ரவரி நடுவில் குளிர் நின்றுவிட்டது. ஆள் அனுப்பினார்கள், காஸ் அடித்துவிட்டுப் போனார். இரண்டு கிழமை ஓடியது. மார்ச் 1 ஆம் திகதி விடியப் பார்த்தால் பக்கட் எல்லாம் தண்ணி, தயிர் புளித்துக் கிடக்குது. 3 ஆம் திகதி திங்கட்கிழமை பில்லையும் வாரண்டி காட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி நல்ல பிள்ளை, கம்பியூட்டரில் ஏதோ பதிந்துவிட்டு, "அக்கா, 14 நாளைக்குள்ள கொம்பனியில இருந்து பதில் வரும், பயப்படாதீங்க" என்றான்.

நானும் கலண்டரில் 17 ஆம் திகதியை வட்டம் போட்டு வைத்தேன். அன்றைக்குக் கோல் எடுத்தால், "அது வேலை நாள் அக்கா" என்கிறான். சரி, சனி ஞாயிறைக் கழித்து, 13 ஆம் திகதி போயா விடுமுறையையும் கழித்து எண்ணினால் 24 ஆம் திகதி வருகிறது. அதையும் பொறுத்தேன். 24 ஆம் திகதி பின்னேரம் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது, முறைப்பாடு தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளதாம், இன்னும் 14 வேலை நாட்கள் தேவையாம்.

எனக்கு அப்போதும் பெரிய பயம் இல்லை, வாரண்டி ஒரு வருடம் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியப்பா கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர், பின்னேரத்தில் பேப்பர் பார்க்க வருவார். அவரிடம் வாரண்டி காட்டை நீட்டினேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு பில்லைக் கேட்டார்.

"புள்ள, இதில இருக்கிற திகதியப் பாரு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு குடுக்கிறதெண்டா வாங்கின நாளில இருந்து மூணு மாசம்தான்."

பழுதான நாளிலிருந்து இல்லையாம், வாங்கிய நாளிலிருந்தாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், 13 ஆவது பிரிவு. கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் அங்கே முறையிடலாம், ஆனால் எழுத்தில், அந்த மூன்று மாதத்துக்குள். வாரண்டி கொம்பனி எனக்குத் தந்த வாக்கு, அதற்கு ஒரு கணக்கு. முறைப்பாட்டுக்கு வேறு கணக்கு. இது இரண்டையும் நான் ஒன்றென்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பிறகு இருவரும் கலண்டரை வைத்து எண்ணினோம். 25 ஆம் திகதியிலிருந்து அந்த இரண்டாவது 14 வேலை நாள். நடுவில் 31 ஆம் திகதி நோன்புப் பெருநாள், ஏப்ரல் 12 போயா, 13, 14 சித்திரை வருசம். எப்படிப் பார்த்தாலும் வருசம் கழிந்துதான் அவர்களுடைய பதில் வரும். எனக்கோ ஏப்ரல் 10 ஆம் திகதியோடு கதவு சாத்துகிறது. வேண்டுமென்றே இழுத்தார்களா என்று கேட்டால் நான் அப்படி நினைக்கவில்லை, கடைத் தம்பிக்கே இந்த மூன்று மாதக் கதை தெரியாது. ஆனால் வேண்டுமென்று செய்தாலும் செய்யாவிட்டாலும் நட்டம் எனக்குத்தானே.

கொழும்பில் இருக்கிற கொம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். "கடிதம் கிடைத்து 7 நாட்களுக்குள் பதில் தரவும்" என்று நான் எழுதியதைப் பெரியப்பா வெட்டிவிட்டார். கிடைத்த நாள் எது, வேலை நாளா சும்மா நாளா என்று பிறகு அதற்கும் ஒரு சண்டை வரும் என்றார். "2025 ஏப்ரல் 3, வியாழக்கிழமைக்கு முன்" என்று அவரே எழுதினார். மார்ச் 26 ஆம் திகதி பதிவுத் தபாலில் போட்டு, துண்டை பில்லோடு சேர்த்துக் குத்தி வைத்தேன்.

என் சொந்தத் தம்பி, பிணக்கைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னான். அதுவும் ஒரு வழிதான், சின்னத் தொகைப் பணப் பிணக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முந்தி அங்கே போய், சரிவராவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் எடுக்கத்தான் வேண்டும். ஏப்ரல் 10 மண்டையில் இருந்ததால் அதைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 3 வந்தது, பதில் வரவில்லை. அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு கோல் எடுத்து என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். தமிழில் ஒன்றரைப் பக்கம், எந்தெந்த நாளில் யார் என்ன சொன்னார் என்று திகதி போட்டு, பில், வாரண்டி காட், தபால் துண்டு எல்லாவற்றிலும் கொப்பி. முறைப்பாட்டை இரண்டு பிரதி கொண்டு போய் என்னுடையதில் திகதி முத்திரை குத்தி வாங்கினேன். அந்த முத்திரையைப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

8 ஆம் திகதி கொம்பனியிலிருந்து முதல் தடவையாக ஒருவர் தானாகக் கோல் எடுத்தார். மெடம் என்றார், முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால் உடனே பார்க்கலாம் என்றார். பிரிஜ் வீட்டுக்குள் வரட்டும், அப்புறம் யோசிக்கிறேன் என்றேன். எட்டாம் திகதி வாபஸ் வாங்கி, பத்தாம் திகதி கழிந்த பிறகு அவர் போனை எடுக்காவிட்டால் நான் எங்கே போவது?

மே மாதம் அதிகார சபையில் இரு தரப்பையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் நடைமுறைப்படிதான் அவகாசம் கேட்டோம், வாடிக்கையாளரும் ஒத்துக்கொண்டார் என்றார் கொம்பனிக்காரர். நான் ஒத்துக்கொண்டு ஏதாவது எழுத்தில் கொடுத்திருக்கிறேனா என்று அதிகாரி கேட்டார். இல்லை. மாற்றித் தர, காசைத் திருப்ப, நட்டஈடு கொடுக்க மூன்றில் எதற்கும் உத்தரவு போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது, குறித்த காலத்துக்குள் செய்யாவிட்டால் நீதவான் நீதிமன்றம் வழியாகக் குற்றப்பணம் போல அறவிடலாம். இதை அவர்களும் அறிவார்கள் போல, வேறு பிரிஜ் தருவதாக அங்கேயே ஒத்துக்கொண்டார்கள், நாளும் குறித்தார்கள்.

ஜூன் 6 ஆம் திகதி லொறி வந்தது. மாற்றிக் கொடுத்ததாக இன்றைய திகதி போட்டு எழுதித் தரச் சொன்னேன். "மாத்துறதுக்கு பில் இல்லக்கா" என்றான் அதே கடைத் தம்பி. பில் வேண்டாம், ஒரு வரி போதும் என்று கதவை மறித்துக்கொண்டு நின்றேன். சிரித்துக்கொண்டே எழுதி, கையெழுத்தும் வைத்தான். அவனுக்கும் ஒரு ஜூஸ் பக்கட் கொடுத்தேன், குளிர் இல்லாததுதான்.